இடது பக்கம் பழுதில்லை

தம்பி,

வெள்ளிக்கிழமை லீவு போட்டு வர வேண்டாம். சோபாவின் இடது பக்கத் துணியைப் பிரிக்காதே. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்பா எழுதுவதை நீ பாதி படித்துவிட்டு, வேலை வந்துவிட்டது என்று மூடி வைத்துவிடுவாய் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் எனக்குப் புதிதா என்ன. துணியில் பழுது எதுவும் இல்லை. மூன்று மணிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் உண்மை, எடை குறைவு என்று உன் போன் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது நான். ஏன் சொன்னேன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பாள், நான் ‘சரி சரி, சாப்டியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்த ஒரு விஷயத்தை அப்படித்தான் பதினேழு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இரண்டு மாதத்திற்கு முன்னால் பெர்மாஸ் ஜெயாவில் நீ இருக்கும் வீட்டிலிருந்து, உன் கம்பெனியில் நீ செய்த அந்தத் துணியைக் காரில் சுருட்டி எடுத்து வந்தாய். சாம்பல் நிறம், பார்ப்பதற்கு எந்தக் கடையிலும் தொங்குகிற சோபா துணிதான். நீ விரிப்பதற்குள் நான் மூலையில் ஒரு நூலை உருவி லைட்டரால் கொளுத்தினேன். நீ பதறிப்போனாய். மூவாரில் முப்பது வருடம் சோபா தொழிற்சாலையில் துணி வெட்டி, தைத்து, கடைசிப் பத்து வருடம் தரம் பார்க்கிற கியூசியாக நின்று மற்றவர்கள் தைத்ததைத் தடவித் தடவிப் பார்த்தவன் நான். துணி என்ன சொல்கிறது என்று எவனையும் கேட்க மாட்டேன், கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி கருகி உதிர்ந்தது. நடுவில் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று மட்டும் எரியாமல் நின்றது. அதைப் பார்த்ததும் இது கேமராவா என்று கேட்டேன். நீ தலையில் கை வைத்தாய். “அலமாக், கேமரா இல்லப்பா. தொட்டா தெரியும், உக்காந்தா தெரியும். அவ்ளோதான் லா,” என்றாய். ‘அவ்ளோதான்’ என்று சொல்லி என் மேசைக்கு வந்த சோபாக்களில்தான் நான் அதிகமாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

நீ நிதானமாக விளக்கினாய். கைப்பிடியைத் தட்டினால் மின்விசிறி சுற்றும், இரண்டு முறை தட்டினால் விளக்கு, அழுத்திப் பிடித்தால் உனக்குப் போன் வரும். வயதானவர்கள் உட்கார்ந்த இடத்தில் ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால் தகவல் வரும். இன்றைக்குச் சோபா, நாளைக்குக் கட்டில், அப்புறம் கார் சீட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ கார் ஏறியதும் துணியின் கம்பிகளைச் சேர்த்துச் சோபாவுக்கு அடியில் நீ வைத்த சின்னப் பெட்டியின்மேல் துண்டு போட்டு மூடினேன். உன் வருங்கால மாமனார் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சொன்னதை அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. அடுப்படிக்கு அழைத்துப்போய்க் குரலைத் தணித்துப் பேசினேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “துணிக்குமா காது இருக்கு?” என்றாள். இருக்காது என்று உனக்கும் அவளுக்கும் தெரியும். எனக்கு நம்பிக்கை வரப் பத்து நாள் ஆனது.

வேலை என்று வந்தபோது சந்தேகத்தை ஓரமாக வைத்துவிட்டேன், அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பி நூலை நீ சோபாவின் முன்விளிம்புத் தையல் வழியாக ஓட்டியிருந்தாய். உட்காருகிறவன் நடுவில் உட்காருவான், ஆனால் எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் முன்விளிம்பில் ஊன்றித்தான் எழுவான், அங்கே கம்பி போனால் மூன்று மாதத்தில் அறுந்துவிடும், ஒரு விரல் அளவு உள்ளே தள்ளு என்றேன். நீ அப்படியே செய்தாய். கழற்றித் துவைக்க முடியாத உறையை எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள், ஜிப் வை என்றேன். வைத்தாய். ஊசி குத்திக் காய்த்துப்போன என் விரலுக்கு மின்விசிறி அசையவே இல்லை. அம்மா ஈரக்கையோடு வந்து, நின்றபடியே லேசாகத் தொட்டால் விளக்கும் சேர்ந்து எரிந்தது. நீ சிரிக்காமல் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாய். என் பிள்ளை ஒழுங்காக வேலை செய்கிறவன் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் துணிக்கு எங்களை அடையாளம் காட்ட வேண்டும் என்றாய். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், சாய்ந்தேன், படுத்தேன். போனில் என் பெயரைப் போட்டாய். அம்மாவைக் கூப்பிட்டபோது அவள் அசையவில்லை. “எனக்கு மெத்தை ஒத்துக்காதுப்பா, இடுப்பு புடிச்சிக்கும்,” என்றாள். நீ வற்புறுத்தவில்லை. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அடுப்படி வாசலில் கிடக்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது சரியில்லை. உனக்குப் பதினான்கு வயது வரைக்கும் அவள் சோபாவில்தான் உட்கார்ந்தாள், இடது பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பார். அம்மா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நீ போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். “தினமும் மூணு மணிக்கு இடது பக்கம் யாருப்பா உக்கார்றது? யார் உக்காந்திருக்காங்கன்னு பேர் கேட்டு வந்துகிட்டே இருக்கு.” மூன்று மணிக்கு நான் வீட்டில் இருப்பதில்லை என்று உனக்குத் தெரியாது. பஸ் ஸ்டேஷன் பக்கத்து ஒட்டுக்கடைக்குத் தே தாரே டீ குடிக்கப் போய் நாலு மணிக்குத்தான் திரும்புவேன். நீ கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னுடைய பழைய பேய் எட்டிப் பார்த்தது. நான் இல்லாத நேரத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று. அப்போது அம்மாவின் கையைப் பார்த்தேன். கரண்டி உன் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. விழவில்லை, சிந்தவில்லை, சும்மா நின்றது. நீ அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “நான்தான்,” என்றேன்.

நீ விடவில்லை. உங்கள் எடை இல்லை, ரொம்பக் குறைவு என்றாய். கைப்பிடியை யாரோ தடவுகிறார்கள், தட்டவில்லை, பத்து நிமிடம் மெதுவாகத் தடவிக்கொண்டே இருக்கிறார்கள், மனுசர் யாரும் அப்படித் தடவ மாட்டார்கள் என்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்ப உன் துணி ரிஜெக்ட்,” என்றேன். பத்து வருடக் கியூசி வேலையில் நல்ல சோபா ஒன்றுக்கு நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது கிடையாது. எங்கள் முதலாளி தவுக்கே என்னோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார், ஆனால் ஒட்டியது தப்பு என்று ஒரு தடவைகூட அவரால் காட்ட முடியவில்லை. அப்படிப்பட்டவன் என் சொந்தப் பிள்ளையின் வேலைக்கு ஒட்டினேன். உன் முகம் சுருங்கியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நீ போன் செய்தாய். திங்கட்கிழமையிலிருந்து இடது பக்கம் சுத்தமாகச் செத்துவிட்டது, ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை, நீங்கள் சொன்னது சரிதான் என்றாய். உன் கம்பெனியில் பின்னல் மெஷின் பார்க்கிற பெண்ணைக் கோபித்துக்கொண்டாயாம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் மேலதிகாரிகளுக்குக் காட்டுவதாக இருந்ததைத் தள்ளிப்போடச் சொல்லப் போகிறாயாம். வெள்ளிக்கிழமை வந்து உறையைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறாயாம். செத்தது உன் துணி இல்லை, தம்பி. நீ அம்மாவின் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டாய், மறுநாளிலிருந்து அவள் உட்காருவதை நிறுத்திவிட்டாள். நான் ஒட்டுக்கடையில் வேண்டுமென்றே கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், வரும்போது கேட்டில் சாவியை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டேன். ஒன்றும் பயனில்லை. வந்து பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருக்கிறாள்.

இனிதான் சொல்ல வேண்டியது இருக்கிறது. உன் சாம்பல் துணிக்குக் கீழே நான் போட்ட மெரூன் வெல்வெட் இன்னும் இருக்கிறது. சாயம் ஒரே சீராக இல்லை என்று தொழிற்சாலையில் ஒதுக்கிய துணி. தவுக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார், நான் மரச்சட்டம் அடித்து அந்தச் சோபாவைச் செய்தேன். வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வெளுப்பாகத் தெரியும், எதிர்ப்பக்கம் தடவினால் கறுப்பாகத் தெரியும். ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த வடிவம் அப்படியே நிற்கும். தினமும் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது சட்டை பிரஷால் அதை ஒரே பக்கமாகத் தேய்த்துவிட்டுப் போவேன், ஞாபகம் இருக்கிறதா? அழகுக்காகத் தேய்க்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பாதி உண்மை. நான் இல்லாதபோது யார் உட்கார்ந்தது, எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று வந்ததும் பார்ப்பேன். உன் அம்மா எனக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் கொடுத்தவள் இல்லை. என் புத்தி அப்படி. துணியை வைத்து வேவு பார்க்கிற வேலையை நம் வீட்டில் ஆரம்பித்தது நீ இல்லை.

ஒரு நாள் வந்து பார்த்தபோது இடது பக்கம் இரண்டு வடிவம் இருந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல. காலை ஷிப்டு முடிந்து நான் வரும்போது நீ பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியிருக்க மாட்டாய். யார் உட்கார்ந்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, துணி மடித்து வைத்தேன் என்றாள். துணி மடித்து வைத்த தடம் எது, ஆள் உட்கார்ந்த தடம் எது என்று எனக்கா தெரியாது? பொய் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் இன்னும் கவனமாகத் தேய்த்துவிட்டுப் போனேன். மறுபடியும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. வேலையில் கை ஓடவில்லை, கத்தரிக்கோலை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். ஐந்தாவது நாள் மாலை, நீ டியூஷனுக்குப் போன பிறகு, அவளைக் கூப்பிட்டு, “நான் வேலைக்குப் போனதும் எவன்டி வந்து உன் பக்கத்துல உக்கார்றான்?” என்று கேட்டேன்.

கேட்டேன், தம்பி. இதே வார்த்தைகள்தான். குறைத்து எழுதலாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். குறைத்தால் அதுவும் ஒரு பொய். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, சத்தியம் செய்யவில்லை. பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும்போது போட்டுக்கொள்கிற சிவப்பு நாற்காலியைத் துடைத்து எடுத்து வந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அந்த வருடக் கடைசியில் உன் ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். வராத நாள் ஒன்பது என்று போட்டிருந்தது. தேதிகளைப் பார்த்தேன். இரண்டு வடிவம் இருந்த நாட்களும் அதில் இருந்தன. பிறகு உன் வகுப்பு வாத்தியார் வழியாக மற்றதும் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையன்கள் உன் சட்டையைக் கழற்றிச் சாக்கடையில் போட்டதும், நீ வெறும் உடம்போடு நின்றதும். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அப்பாவிடம் சொல்லாதே, பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்தி மானத்தை வாங்கிவிடுவார் என்று வாக்கு வாங்கியிருக்கிறாய். நீ சொன்னதும் சரிதான், நான் கத்தியிருப்பேன். காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி, நான் போனதும் திரும்பி வந்து, நான் வருவதற்குள் மறுபடியும் வெளியே போகும் வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். ஒன்பது நாள் அவள் உன்னை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாள், நான் கேட்கும் வரை சோபாவில், அப்புறம் நாற்காலியில். அந்த இரண்டாவது வடிவம் நீ. நான் அப்படிக் கேட்டபோது அவள் ‘தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உனக்குக் கொடுத்த வாக்குக்காக அதைச் சொல்லவில்லை. நான் கேட்டது உனக்குத் தெரியாது, அவள் தெரியவிடவும் இல்லை.

உண்மை தெரிந்த அன்றைக்கே நான் அவள் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் புத்தகத்தை உன்னிடம் கொடுத்தேன். தலை நிமிர்ந்து மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கம். வீட்டுக்கு வந்தவர்கள் ஏன் அங்கே உட்காருகிறீர்கள், சோபாவில் உட்காருங்கள் என்று அவளிடம் சொன்னால், நான் முந்திக்கொண்டு அவளுக்கு மெத்தை ஒத்துக்காது என்பேன். அது நான் கட்டிய கதை. அவள் மறுக்கவில்லை, கடைசியில் அவளே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெல்வெட் என்னிடம் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்றது, உட்கார்ந்தார்கள். மீதியை நான்தான் தைத்துச் சேர்த்தேன்.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். பெர்மாஸ் ஜெயா வீட்டில் சோபா, கட்டில் எல்லாவற்றுக்கும் இந்தத் துணியையே போடப் போகிறேன் என்று நீ கட்டிக்கொள்ளப்போகிற தர்ஷினியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் சிரித்தாள், ஆனால் துணிமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீ கவனித்திருக்க மாட்டாய். மின்விசிறி சுற்றட்டும், விளக்கு எரியட்டும். யாராவது மயங்கிக் கிடந்தால் போன் வரட்டும், அது நல்ல காரியம். ஆனால் ‘யார்’ என்று கேட்கிற அந்தக் கேள்வியை எடுத்துவிடு. உன் பெண்டாட்டி ஒரு நாள் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழலாம். சிநேகிதியோடு உட்கார்ந்து உன்னைத் திட்டலாம். சும்மா தனியாக உட்கார்ந்திருக்கலாம். அது எதற்கும் உன்னிடம் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்க்க மாட்டேன்ப்பா என்பாய். நானும் அழகுக்காகத்தான் தேய்க்கிறேன் என்று சொன்னவன். உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனால் நீ என் பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. பெற்றவள் கரண்டியோடு நின்றதைப் பார்க்காமல் போனைப் பார்த்தாயே, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்தப் பத்து நிமிடத் தடவலைப் பழுது என்று நோட்டில் எழுதிக்கொண்டாயே, அதை அடித்துவிடு. நான் வெளியே போனதும் தினமும் வந்து உட்கார்ந்து, தன் பிள்ளை செய்த துணியைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைப் பதினேழு வருடம் கழித்து அந்தச் சோபாவில் உட்கார வைத்தது நான் இல்லை, நீ.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒட்டுக்கடைக்குப் போகவில்லை. அவள் நாற்காலியில் இருந்தாள், நான் சோபாவில் இருந்தேன். ஐந்தாவது நாள் மாலை நான் கேட்டதைப் படிக்கும்போது நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். முடித்துவிட்டு, “நான் கேட்டது பாவம். தெரிஞ்சும் இத்தன வருஷம் வாயத் தொறக்கல. என்னை மன்னிச்சிரு,” என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “அந்த பின்னல் மெஷின் புள்ளைய கோவிச்சிக்கிட்டது தப்புன்னு எழுதுங்க. அவகிட்ட தம்பிய பேசச் சொல்லுங்க,” என்றாள். எழுதிவிட்டேன், பேசு.

அப்புறம் எழுந்து வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டு, உன் பெட்டியின் ஒயரைத் தேடி எடுத்து, சுவரிலிருந்து பிடுங்கினாள். ஒழுங்காகச் சுற்றி, பெட்டியோடு சேர்த்துத் தன் சிவப்பு நாற்காலியில் வைத்தாள். வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இல்லை, நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். இந்தக் கடைசி வரிகளை அங்கே உட்கார்ந்தே எழுதுகிறேன். உன் போனில் இன்று மூன்று மணியிலிருந்து ஒன்றும் தெரியாது. பழுது என்று தேடாதே.

அப்பா